டாப்ளர் சிமுலேஷனில் வேகம் எதிர்த்திசையில் வருகிறது, கோளாறு எங்கே?

கேள்வி:
கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தின் ரத்த ஓட்டத்தை ஓபன்ஃபோம் என்ற ஓட்டக் கணக்கு மென்பொருளில் கணக்கிட்டேன். அந்த வேகப்படி சிதறல் புள்ளிகளை (ஒலியைச் சிதறடிக்கும் ரத்த அணுக்களுக்குப் பதிலாக வைப்பவை) நகர்த்தி, ஃபீல்டு 2 என்ற அல்ட்ராசவுண்ட் சிமுலேஷன் மென்பொருளில் எதிரொலி எடுக்கிறேன். 5 மெகாஹெர்ட்ஸ், பி.ஆர்.எஃப். (நொடிக்கு அனுப்பும் ஒலித்துடிப்புகள்) 5 கிலோஹெர்ட்ஸ், ஒலிக்கற்றைக்கும் ஓட்டத்துக்கும் இடையே கோணம் 60 டிகிரி, வால் ஃபில்டர் (குழாய்ச் சுவரின் மெதுவான எதிரொலியை நீக்கும் வடிகட்டி) 200 ஹெர்ட்ஸ். இதயம் சுருங்கும் உச்சத்தில் குழாயின் நடுவில் நொடிக்கு 1 மீட்டர் வர வேண்டும், −54 செ.மீ. வருகிறது. சுவரோரம் ஒரே கறுப்பு. ஓட்டக் கணக்கு தவறா, டாப்ளரா?

பதில் 1:
ஓட்டக் கணக்கைத் தொடாதீர்கள், இது ஏலியாசிங்: டாப்ளர் அதிர்வெண் அளக்கக்கூடிய வரம்பைத் தாண்டி, எதிர்த்திசை வேகம்போலத் தெரிகிறது. 2 × 50,00,000 × 1 × 0.5-ஐ (0.5 என்பது cos 60°) ஒலிவேகம் 1540-ஆல் வகுத்தால் டாப்ளர் அதிர்வெண் 3247 ஹெர்ட்ஸ். உங்கள் வரம்போ பி.ஆர்.எஃப்.-இல் பாதி, 2500. 3247-இலிருந்து 5000-ஐக் கழித்தால் −1753. அதுதான் −54 செ.மீ. பி.ஆர்.எஃப். 8 கிலோஹெர்ட்ஸ் வையுங்கள். 9.6 செ.மீ. ஆழம் வரை எட்டும், கழுத்துக்குத் தாராளம்.

சுவரோரக் கறுப்புக்கு ஃபில்டரே காரணம். இந்த அமைப்பில் 200 ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு 6.2 செ.மீ.; அதற்குக் கீழே ஓடுவதெல்லாம் வெட்டப்படும். சிமுலேஷனில் சுவரின் எதிரொலியைச் சேர்க்கவில்லை என்றால் ஃபில்டரை அணைத்துப் பார்க்கலாம். ஆனால் அந்தப் படத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். நிஜத்தில் சுவர் எதிரொலி ரத்தத்தினுடையதைவிடப் பல மடங்கு வலுவானது, ஃபில்டர் இல்லாமல் எதுவும் தெரியாது.

பதில் 2:
எதிர்த்திசை எல்லாமே ஏலியாசிங் அல்ல. உள் கழுத்துத் தமனி தொடங்குமிடத்தில் குழாய் சற்றுப் புடைத்திருக்கும். அங்கே வெளிச்சுவரோரம் ரத்தம் உண்மையாகவே பின்னோக்கிச் சுழலும். வண்ணப் படத்தில் பிரித்தறியலாம்: உண்மையான திருப்பத்தில் இரு நிறங்களுக்கும் நடுவே கறுப்புக் கோடு இருக்கும், வேகம் பூஜ்யத்தைக் கடப்பதால். ஏலியாசிங்கில் பளீர் நிறத்திலிருந்து நேரே எதிர்ப் பளீர் நிறத்துக்குத் தாவும்.

கேட்டவர்:
8 கிலோஹெர்ட்ஸில் திசை சரியானது, நன்றி. ஆனால் உச்சம் 94 செ.மீ.தான்.

பதில் 3:
ஒரு புள்ளியின் வேகத்தோடு ஒப்பிடுகிறீர்கள். டாப்ளர் ஒரு கன அளவின் சராசரியைத் தருகிறது. 6 மி.மீ. குழாயில் பரவளைய ஓட்டம் (நடுவே உச்ச வேகம், சுவரில் பூஜ்யம்) என்றால், நடுவே 2 மி.மீ. விட்டத்தில் சராசரி எடுத்தாலே உச்சத்தில் 94 சதவீதம்தான். கணக்கிட்ட வேகத்தையும் அதே கன அளவில் சராசரியாக்கிவிட்டு ஒப்பிடுங்கள்.

புள்ளிகளையும் கவனியுங்கள். ஒரு பிரிதிறன் செல்லுக்கு (அல்ட்ராசவுண்ட் தனியாகப் பிரித்தறியும் மிகச் சிறிய கன அளவுக்கு) குறைந்தது 10 வேண்டும். வெளியேறியவற்றை நுழைவாயிலில் சீராகத் தூவினால் தவறு. வேகம் அதிகமுள்ள நடுப்பகுதியில் அதிகம் விட வேண்டும், இல்லையேல் நடுவே புள்ளிகள் அருகிப்போகும். ஓட்டத்தை 10 மில்லிநொடிக்கு ஒருமுறைதான் சேமித்திருந்தால், 0.125 மில்லிநொடிக்கு ஒன்றாக அனுப்பும் ஒலித்துடிப்புகளுக்கு இடைக்கணிப்பு செய்யுங்கள். அருகிலுள்ள சட்டகத்தையே (சேமித்த ஓட்ட நிலையையே) எடுத்தால் ஒவ்வொரு சட்டக மாற்றத்திலும் வேகம் படியாகக் குதிக்கும்.