வெள்ளி நாணயத்தின் நிறம்: ‘நிறமேறல்’, ‘நிறமேற்றல்’ என்று பிரிக்கலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

பழைய வெள்ளிக்காசின் மேல் படியும் நிறத்துக்குக் ‘களிம்பு’ என்ற சொல்லே போதும் என்று நம் நாணயச் சொற்பட்டியலுக்கான இந்த உரையாடலில் ஒருவர் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. களிம்பு செம்புக்கும் பித்தளைக்கும் உரியது. வெள்ளியில் நடப்பது வேறு. காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டு, மேற்பரப்பு வெள்ளி சல்பைடு படலமாகிறது. படலம் தடிக்கத் தடிக்க முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு செம்பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறம் மாறி, நெடுங்காலத்தில் கறுத்துப்போகிறது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்பவர்கள் ‘கறுத்துவிட்டது’ என்று சொல்லி மெருகு போட்டுவிடுவார்கள். நாணயத்தில் அதைச் செய்தால் சேகரிப்பவர்களிடம் அதன் மதிப்பே போய்விடும்.

என் மேசையில் இப்போது 1918ஆம் ஆண்டின் ஒரு ரூபாய்க் காசுகள் இரண்டு இருக்கின்றன. ஒவ்வொன்றும் 11.66 கிராம், ஆயிரத்தில் 917 பங்கு வெள்ளி. ஒன்று பாட்டியின் மரப்பெட்டியில், காகித மடிப்புக்குள் பல காலம் கிடந்தது. அதன் விளிம்பில் நீலம். உள்ளே வர வர ஊதா, செம்பழுப்பு, நடுவில் ஐந்தாம் ஜார்ஜின் கன்னத்தில் வெளிறிய மஞ்சள். எழுத்துகளை ஒட்டி நிறம் மயிரிழை அளவு விலகி நிற்கிறது. விளக்கில் சாய்த்தால் நிறத்துக்கு அடியிலிருந்து அச்சடித்த நாளின் பளபளப்பு சுழல்கிறது. மற்றது நான் விலைகொடுத்து ஏமாந்தது. முகம் ஏறக்குறைய முழுக்க ஒரே ஊதாநீலம், நிறம் படியாத இடத்தின் வெள்ளையிலிருந்து இடைநிறம் எதுவும் இல்லாமல் நீலத்துக்கு ஒரே தாவல். பிற்காலத்துக் கீறலுக்குள்ளும் அதே நிறம் இறங்கியிருக்கிறது. சாய்த்தால் பளபளப்பு இல்லை. கந்தகத்தோடு சூடாக்கினாலும், அவித்த முட்டையோடு டப்பாவில் மூடிவைத்தாலும் இப்படி நிறம் வரவழைக்கலாம்.

இந்த வேறுபாட்டைச் சொல்ல நம் இலக்கணமே வழி வைத்திருக்கிறது. ஏறு தன்வினை, ஏற்று பிறவினை. தானாக வந்தது நிறமேறல். ஒருவர் வரவழைத்தது நிறமேற்றல். ‘நிறமேற்றம்’ மட்டும் வேண்டாம். ‘ஏற்றம்’ இரண்டு வினைக்கும் பொதுவாக நின்று குழப்பிவிடும்.

*

ஐயா, வணக்கம். ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். சேலத்து மாம்பழச் சந்தையில் ‘பழுத்தது’, ‘பழுக்க வைத்தது’ என்று வாங்குபவர் எவரும் பிரித்துச் சொல்வார். உங்கள் சொற்களும் அதே போல நாவில் நிற்கின்றன.

ஒரு குறை உண்டு. காசைக் கையில் வாங்கியவுடன் எது என்று முடிவு செய்ய முடியாது. விளிம்பிலிருந்து உள்நோக்கி நிறம் மாறுவதைக்கூடத் தேர்ந்த கை போலியாகச் செய்துவிடும். ஒரு குறியை மட்டும் நம்பக் கூடாது. முடிவு தெரியும் வரை சார்பில்லாத ஒரு சொல் வேண்டும். ‘நிறப்படலம்’ என்று வைக்கலாமா? ‘இந்த நிறப்படலம் ஏறியதா, ஏற்றியதா?’ என்று இயல்பாகக் கேட்க முடிகிறது.

*

நிறப்படலம் சரியாகப் பொருந்துகிறது, ஏற்கிறேன். மூன்றையும் சொற்பட்டியலில் சேர்த்துவிடுகிறேன். மறுப்பு இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.