புதுப்பிப்பு: ஓசூர் வளாக விரிவாக்கத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்துவிட்டது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. வீடுகளும் கடைகளுமாக 1,10,000 சதுர மீட்டர் உள்ள வளாகத்தில் 52,000 சதுர மீட்டர் அலுவலகக் கட்டடம் சேர்க்க, கூடுதல் பரப்புக்கு மட்டும் விண்ணப்பித்தால் போதுமா என்று கேட்டிருந்தேன். போதாது. மொத்தப் பரப்பைத்தான் பார்க்கிறார்கள். அது 1,50,000 சதுர மீட்டரைத் தாண்டியதால், 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் பெரிய கட்டுமானத் திட்டங்களுக்கான 8(பி) பிரிவில் வந்துவிட்டது. முழுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் தேவைப்பட்டது. மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் இல்லை.

"பழைய அனுமதியின் நிபந்தனைகளை நிறைவேற்றியதற்கான சான்றறிக்கையை முதலில் வாங்குங்க" என்று ஒருவர் சொன்னாரே, அதுதான் கைகொடுத்தது. ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் வட்டார அலுவலகத்தில் வாங்கி, அனுமதிக்கு விண்ணப்பிக்கும் பரிவேஷ் இணையதளத்தில் ஏற்றினோம்.

எதிர்பாராதது: அந்தச் சான்றறிக்கைக்காக ஆய்வுக்கு வந்தவர் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைச் சும்மா ஒரு சுற்று பார்த்துவிட்டு, வேலியோர மரக்கன்றுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பாதி காய்ந்து குச்சியாக நின்றன. மறுபடி நட்டுக் காட்டுவதற்குள் மூன்று மாதம் போச்சு.