முன்பதிவுப் பெட்டி கண்ணெதிரே இருந்தும் யாரும் அழுத்துவதில்லை: எங்கே தவறு?

கேள்வி

வணக்கம். ஒரு சிறிய நூலகத்தின் இணையதளத்தை நான் தனியாளாக வடிவமைத்துப் பராமரித்து வருகிறேன். உறுப்பினர்கள் வீட்டிலிருந்தபடியே நூல்களை முன்பதிவு செய்ய வேண்டும் என்பதற்காகவே தளத்தைப் புதுப்பித்தோம், ஆனால் ஆறு வாரங்கள் ஆன பின்னும், "முன்பதிவு எங்கே செய்வது?" என்று கேட்டு வரும் தொலைபேசி அழைப்புகள் குறையவில்லை. முகப்பின் உச்சியில், ஆரஞ்சுப் பின்னணியில், படத்துடன் பெரிய பெட்டியாகவே அதை வைத்திருக்கிறேன். படிவம் வரை வந்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் அனுப்பாமலே வெளியேறுகிறார்கள். எதையும் மூன்று சொடுக்குகளுக்குள் அடைய வேண்டும் என்ற விதியையும் மீறவில்லை. பெட்டியை மினுமினுக்கச் செய்தால் பயன் இருக்குமா?

மறுமொழி 1

மினுமினுக்கச் செய்தால் நிலைமை இன்னும் மோசமாகும். முகப்பின் உச்சியில் படமும் அடர்நிறமுமாக நிற்கும் பெட்டியைப் பலர் விளம்பரம் என்றே எடுத்துக்கொள்வார்கள். அத்தகைய பதாகைகளைக் கண் தானாகவே தாண்டிச் செல்லும் பழக்கத்துக்கு ஆய்வாளர்கள் 1998-இலேயே பெயர் வைத்துவிட்டார்கள். ஒருவர் முன்பதிவை நினைப்பது முகப்பில் அல்ல, தனக்கு வேண்டிய நூலைக் கண்டுபிடித்த நொடியில்தான். எனவே ஒவ்வொரு நூலின் தலைப்புக்கு அருகிலும் சாதாரணமான ஒரு பொத்தானை வையுங்கள். மூன்று சொடுக்கு விதியைப் பொறுத்தவரை, அடுத்து எங்கே போக வேண்டும் என்பது தெளிவாக இருந்தால் ஐந்தாவது சொடுக்கையும் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

எதையும் மாற்றுவதற்கு முன், நான்கைந்து பேரை ஒவ்வொருவராக அமர்த்தி, அவர்கள் தளத்தைப் பயன்படுத்துவதைப் பாருங்கள். "முன்பதிவு செய்யுங்கள்" என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல்லே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். "இந்த நூலை உங்களுக்காக எடுத்துவைக்கச் செய்யுங்கள்" என்று மட்டும் கூறிவிட்டு வாய் திறக்காமல் இருங்கள். அந்த மௌனம்தான் இதில் மிகக் கடினமான பகுதி.

கேள்வி கேட்டவர்

நான்கு பேரிடம் செய்து பார்த்தேன். முதலில் அமர்ந்த மூத்த உறுப்பினர் ஆரஞ்சுப் பெட்டியைக் கட்டைவிரலால் இருமுறை மேலே தள்ளிவிட்டு, மெனுவைத் திறந்து, "சேவைகள்" பக்கத்தை எட்டிப் பார்த்து, கடைசியில் "தொடர்பு" பக்கத்திலிருந்த தொலைபேசி எண்ணை எனக்கே வாசித்துக் காட்டினார். அழைப்புகள் ஏன் குறையவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

படிவத்தில் நடந்தது இதைவிடச் சங்கடமானது. கட்டங்களுக்குள் வெளிர் சாம்பல் எழுத்தில் நான் இட்டிருந்த குறிப்பு, தட்டச்சு செய்யத் தொடங்கியதும் மறைந்ததால், "இது எந்த எண்ணைக் கேட்டது?" என்று இருவர் தயங்கினர். எங்கள் உறுப்பினர் அட்டையில் எண்ணின் நடுவே ஒரு சிறு கோடு அச்சாகியிருக்கிறது. அதை அப்படியே இட்டவருக்கு "தவறான உள்ளீடு" என்ற செய்தி வந்ததுடன், அதுவரை நிரப்பியதும் அழிந்துபோயிற்று. அவர் மன்னிப்புக் கேட்டார். கேட்டிருக்க வேண்டியவன் நான்.

மறுமொழி 2

கட்டத்துக்குள் இருக்கும் குறிப்பு அந்தக் கட்டத்தின் பெயராகாது. பெயரைக் கட்டத்துக்கு மேலே நிலையாக எழுதி, நிரலிலும் அதை அந்தக் கட்டத்தோடு இணையுங்கள். திரையில் இருப்பதை உரக்க வாசித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவருக்கும் அதுவே வழிகாட்டும். உங்கள் வெளிர் சாம்பல் 999999 என்ற குறியீட்டு எண் கொண்ட நிறமாக இருந்தால், வெள்ளைப் பின்னணியில் அதன் வேறுபாட்டு விகிதம் (எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு) 3-ஐக்கூட எட்டாது; இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதல் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 கேட்கிறது.

கோட்டுடன் எண் வந்தால் ஏற்றுக்கொண்டு, கோட்டை உங்கள் நிரல் நீக்கட்டும். அது கணினிக்கு ஒரு வரி வேலை. பிழைச் செய்தி, பிழை நேர்ந்த கட்டத்தின் அருகிலேயே, என்ன செய்தால் சரியாகும் என்று சொல்ல வேண்டும். நிரப்பியவற்றில் எதையும் அழிக்கக் கூடாது. கட்டத்தின் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால், ஐபோனில் அதைத் தொட்டவுடன் பக்கம் பெரிதாகி நகர்ந்துவிடும். தமிழ் எழுத்துகளுக்கு மேலும் கீழும் இடம் வேண்டும் என்பதால், வரி உயரத்தைச் சற்றுத் தாராளமாகவே வையுங்கள். பொத்தானின் அகலத்தை நிலையாக்கினால் நீண்ட தமிழ்ச் சொல் பாதியில் வெட்டுப்படும்.

கேள்வி கேட்டவர்

இவை அனைத்தையும் மாற்றி, இன்னும் மூவரிடம் காட்டினேன். மூவரும் நூலின் பக்கத்திலிருந்தே படிவத்துக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் எல்லாவற்றையும் நிரப்பிய பின், "அனுப்பு" பொத்தானுக்கு அருகில் அதே நிறத்தில் இருந்த "அழி" பொத்தானைத் தொட்டுவிட்டார். இரண்டுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

மறுமொழி 2

இடைவெளி வேண்டாம், "அழி" பொத்தானையே எடுத்துவிடுங்கள். நான்கு கட்டங்கள் உள்ள படிவத்தை முழுவதுமாக அழிக்க வேண்டிய தேவை யாருக்கும் வருவதில்லை.