உப்பளத்து வெக்கையை அளக்க ஒரு மீட்டர் கிடைக்குமா?

வணக்கம். எனக்கு ஊர் வாலிநோக்கம் பக்கம். தொழில்சார் சுற்றுச்சூழல் நலம் முதுநிலை படிக்கிறேன். ஆய்வுக்கு எங்கள் ஊர் உப்பளத்தையே எடுத்திருக்கிறேன். அம்மாவும் அங்கேதான் உப்பு வாருகிறார். குதிகால் வெடிப்பில் உப்புத்தண்ணீர் பட்டால் உயிர் போகும். கேட்டால், "பழகிப்போச்சு" என்பார்.

சாதாரணத் தெர்மாமீட்டர் போதாது. ஈரக்குமிழுக்கு (ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் வெப்பம்) 70 சதவீதம், கருங்கோளத்துக்கு (வெயிலை வாங்கும் கருப்பு உருண்டைக்குள் இருக்கும் வெப்பம்) 20, காற்றின் வெப்பத்துக்கு 10 என்று சேர்த்து, உடம்பைத் தாக்கும் மொத்த வெக்கையைக் கணக்கிடும் டபிள்யூபிஜிடி (WBGT) மீட்டர் வேண்டும். துறையில் இருந்த ஒன்றும் பழுது. ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கம் யாரிடமாவது இருந்தால் சித்திரையில் பத்து நாள் இரவல் தருவீர்களா? வாடகை என்றாலும் சரி.

அப்புறம், ஒதுங்க இடமில்லாததால் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. அதைக் கூச்சப்படாமல் சொல்லும்படி எப்படிக் கேட்பது? களத்தில் வேலை பார்த்த அக்காமார் யாராவது சொல்லுங்களேன்.