மொத்தமாக வாங்கும் மரக்கறி வாரக் கடைசிவரை தாங்குவதில்லை, என்ன செய்யலாம்?

கேள்வி (உவர்மலை, திருகோணமலை):
மாமியும் பிள்ளைகளுமாக நாங்கள் வீட்டில் ஆறு பேர். அன்றாடம் கால் கிலோ, அரைக் கிலோ என்று வாங்குவது கட்டுப்படியாகாததால், தம்புள்ளையிலிருந்து லொறி வந்து இறங்கும் நாளில் சந்தைக்குப் போய் ஒரு வாரத்துக்கான மரக்கறியை மொத்தமாக வாங்கி வருகிறேன். விலை நன்றாகக் குறைகிறது. ஆனால் கத்தரிக்காய் பிரிஜ்ஜுக்குள்ளேயே குழிவிழுந்து பழுப்பாகிறது, வெண்டிக்காய் வழுவழுத்துப் போகிறது, வெங்காயத்தோடு கூடையில் கிடக்கும் உருளைக்கிழங்கு முளைக்கிறது, கீரை மறுநாளே மஞ்சளாகிறது. பிரிஜ்ஜும் சிறியது. எதை எங்கே வைப்பது, எதை முதலில் சமைப்பது என்று தெரிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில் (அனுராதபுரச் சந்தி, மரக்கறி வியாபாரம்):
தங்கச்சி, உங்கள் கத்தரிக்காயைக் கெடுப்பது குளிர்தான். கத்தரி, வெண்டி, தக்காளி போன்றவை வெப்ப நாட்டுப் பயிர்கள். 10 பாகைக்குக் கீழே நெடுநேரம் இருந்தால் அவற்றின் தசை சிதைந்துவிடும், பிரிஜ்ஜோ 4 பாகையளவில் ஓடுகிறது. ஆகவே கத்தரியையும் வெண்டியையும் கழுவாமல், ஈரம் துடைத்துப் பத்திரிகைத் தாளில் சுற்றி, குளிர் குறைந்த அடித்தட்டுப் பெட்டியில் வைத்து, முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் சமைத்துவிடுங்கள். தக்காளியைக் காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி தட்டில் ஒற்றை வரிசையாக வெளியே வையுங்கள். அந்த வடுவின் வழியாகத்தான் ஈரம் வெளியேறுகிறது, பூஞ்சணமும் உள்ளே போகிறது. நன்றாகப் பழுத்த பிறகு வேண்டுமானால் பிரிஜ்ஜுக்கு மாற்றலாம்.

பழுக்கும் தக்காளியும் வாழைப்பழமும் மாம்பழமும் எதிலீன் என்ற வாயுவை விடுகின்றன. அதன் அருகில் இருக்கும் கீரை விரைவில் மஞ்சளாகும். கீரையின் வேரை வெட்டி, ஈரத்துணியில் சுற்றித் தனியே வைத்து, வாங்கிய அன்றோ மறுநாளோ வறையாகவோ பருப்போடு சேர்த்தோ முடித்துவிடுங்கள். உருளைக்கிழங்கை வெங்காயத்தோடு ஒரே கூடையில் போடாமல் இருட்டான, காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கில் நச்சுப்பொருள் கூடும். அந்தப் பகுதியை ஆழமாக வெட்டி எறிய வேண்டும், கசந்தால் முழுவதையுமே எறிந்துவிட வேண்டும்.

கோவாவைக் குறுக்கே வெட்டாமல் வெளியிலையாக உரித்து எடுத்தால் பல நாள் இருக்கும். பூசணியை வாங்கும்போது காம்பு உடையாததாகப் பாருங்கள். சீமெந்துத் தரையில் நேரே வைக்காமல் பலகைமேல் வைத்தால் வாரக்கணக்கில் கிடக்கும். வெட்டிய துண்டு முதலில் அழுகத் தொடங்குவது நடுவிலுள்ள விதையும் நாரும் இருக்கும் இடத்தில்தான் என்பதால், அதை உடனே வழித்துவிட்டுத்தான் பிரிஜ்ஜில் வைக்க வேண்டும்.

பதில் (தம்பலகாமம்):
ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நம் ஊரில் வறண்ட கச்சான் (தென்மேற்கு) காற்று அடிக்கும் காலமும் மாரிகாலமும் ஒன்றல்ல. கச்சான் காலத்தில், பெரிய மண்சட்டிக்குள் சிறிய சட்டியை வைத்து, இடையில் ஆற்றுமணலை நிரப்பிக் காலையும் மாலையும் நனைத்து, ஈரச் சாக்கால் மூடி நிழலில் வையுங்கள். நீர் ஆவியாகும்போது உள்சட்டி குளிரும். மின்சாரச் செலவில்லாமல் கத்தரியும் கறிமிளகாயும் வாடாமல் இருக்கும். மாரியில் காற்றே ஈரமாக இருப்பதால் இது அவ்வளவாகப் பயன்தராது. அப்போது வெங்காயம்தான் பெரிய கவலை. நிலாவெளிப் பக்கத்துச் சின்ன வெங்காயத்தை இலைத்தாளோடு வாங்கினால், பிடிபிடியாகக் கட்டிக் கூரைவளையில் தொங்கவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் கீரை, வெண்டி, கத்தரி முதல் நாட்களுக்கும், போஞ்சி, கரட், கோவா நடுவாரத்துக்கும், பூசணி, உருளைக்கிழங்கு, பருப்பு கடைசிக்கும் என்று எழுதி வைத்துக்கொள்கிறேன். பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் காலை அவசரத்துக்காக, ஞாயிற்றுக்கிழமையே கறிகளைச் சமைத்து வைப்பது நல்லதா?

பதில் (அனுராதபுரச் சந்தி, மரக்கறி வியாபாரம்):
தேங்காய்ப்பால் விட்ட கறியை அப்படி வைக்க வேண்டாம். நம் வெக்கையில் அரை நாளிலேயே புளித்துவிடும், பிரிஜ்ஜிலும் நெடுநாள் நம்பி வைக்க முடியாது. அதைவிட, போஞ்சியை நறுக்கிக் கொதிநீரில் 3 நிமிடமும் கரட் துண்டுகளை 2 நிமிடமும் போட்டு எடுத்து, உடனே ஐஸ் தண்ணீரில் ஆறவிட்டு, நீரை நன்றாக வடித்து, ஒரு வேளைக்கு ஒரு பை என்று உறைபெட்டியில் வையுங்கள். இப்படிச் செய்யாமல் பச்சையாக உறைய வைத்தால் நிறமும் சுவையும் மெல்ல மெல்லக் கெடும். மலிவாகக் கிடைக்கும் கனிந்த தக்காளியை வெங்காயமும் உப்பும் சேர்த்து நீர் வற்றும்வரை வதக்கி, ஐஸ் தட்டில் கட்டிகளாக உறைய வைத்துக்கொள்ளலாம். காலையில் இரண்டு கட்டியோடு ஒரு பை போஞ்சியைச் சட்டியில் போட்டு, வெந்த பிறகு அன்றைக்குப் பிழிந்த பாலை விட்டு இறக்கினால் பிள்ளைகளின் சோற்றுப் பெட்டிக்குக் கறி தயார். ஒருமுறை இளகியதை மறுபடியும் உறைய வைக்காதீர்கள்.