1950களின் ஏர்மெயில் கடிதங்கள்: லேமினேட் செய்யலாமா?

செம்பூர்வாசி:
பெரிய மாமா 1954 முதல் 1957 வரை மியூனிக்கில் சிற்பம் படித்தவர். அங்கிருந்து பாட்டிக்கு எழுதிய கடிதங்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கு. பெரும்பாலும் ஏரோகிராம் (மடித்தாலே உறையாகிவிடும் மெல்லிய ஏர்மெயில் தாள்), மைப்பேனா எழுத்து, ஓரத்தில் பென்சில் படங்கள். சிலதில் செல்லோடேப், துருப்பிடித்த குண்டூசி. தரைத்தள வீடு, மழைக்காலத்தில் சுவரெல்லாம் ஓதம். லேமினேட் செய்து, ஃபோனில் ஸ்கேன் எடுத்தால் போதுமா?

பழுப்புத்தாள்:
லேமினேட் வேண்டவே வேண்டாம் சார். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளைக் கெடுக்காமல் பிரிக்க முடியாது.

குண்டூசியை அப்படியே இழுத்தால் துருவோடு தாளும் வரும். ஊசிக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, துரு விட்ட பிறகு உருவுங்க. செல்லோடேப்பில் கை வைக்காதீங்க. கட்டாயம் எடுக்கணும்னா மும்பை ஃபோர்ட்டில் இருக்கிற சி.எஸ்.எம்.வி.எஸ். (பழைய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்) மியூசியத்தின் பாதுகாப்புப் பிரிவில் கேட்டுப் பாருங்க.

மடிப்பு நீக்க இஸ்திரிப்பெட்டியும் ஆவியும் கூடாது, மை கலங்கிடும். இரண்டு பிளாட்டிங் பேப்பர் (மை ஒற்றும் தாள்) நடுவே விரித்து, மேலே கண்ணாடியும் கனமான புத்தகங்களும் ஒரு வாரம் இருக்கட்டும்.

ஸ்கேன் ஃபிளாட்பெட்டில் (கண்ணாடி மேல் தாளைப் படுக்க வைக்கிற ஸ்கேனர்), 600 டிபிஐ நுணுக்கத்தில், கலர், படத்தின் தரம் குறையாத டிஃப் (TIFF) ஃபைல். ஏ4 பக்கம் சுமார் 100 எம்பி வரும், ஹார்ட் டிஸ்க் இரண்டாக வாங்கிடுங்க. ஏரோகிராம் மெலிசு என்பதால் மறுபக்க எழுத்தும் தெரியும். பின்னால் கறுப்பு சார்ட் வைத்தால் குறையும். ஃபோன் ஆப் பின்னணியை வெளுக்கும்போது பென்சில் கோட்டையும் தின்னுடும்.

களிமண்:
அந்தப் பென்சில் கோடுதான் முக்கியம். சிற்ப வகுப்பில் மாடலைப் பார்த்துச் செய்கிற களிமண் உருவத்தைப் பயிற்சி முடிந்ததும் உடைத்து, மண்ணைத் தொட்டியிலேயே போடுவாங்க. பிளாஸ்டரில் வார்த்தது மட்டும்தான் மிஞ்சும். அதனால் மாமாவின் மாணவர் கால வேலைக்கு அந்தப் படம் மட்டுமே சாட்சியாக இருக்கலாம். ஓரத்தை க்ராப் பண்ணாதீங்க. பக்கத்தில் ஒரு ஸ்கேலும் வைத்து ஸ்கேன் எடுங்க. என்ன உருவம், உயரம் எவ்வளவு, களிமண்ணா, பிளாஸ்டரா, வெண்கலமா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதிவைங்க. பலகை, அதில் நிற்கும் குழாய், அதிலிருந்து வளைந்து போகும் கம்பிகள் என்று கிறுக்கல் மாதிரி ஏதாவது இருந்தால், அது களிமண்ணைத் தாங்கும் ஆர்மேச்சர்.

படித்தது மியூனிக் கலை அகாடமியில்தானா? அப்படியானால் அங்கே சிற்பம் சொல்லிக்கொடுத்த ஸ்டாட்லர், கிர்ஷ்னர் என்ற பெயர்கள் வருதான்னு பாருங்க. வெண்கலச் சிற்பங்களுக்குப் பேர்போன மீரா முகர்ஜி 1953 முதல் 1956 வரை அங்கே அவங்களிடம்தான் படித்தார். ஓவியம் படிக்கப் போய்ச் சிற்பத்துக்கு மாறியவர். அவரைப் பற்றி ஒரு வரி இருந்தாலும் கலை வரலாற்றுக்காரங்க தேடி வருவாங்க.

பழுப்புத்தாள்:
ஸ்டாம்ப் கேட்கிறவங்களுக்கு வெட்டிக் கொடுத்துடாதீங்க. தேதி போடாத கடிதத்துக்கு ஸ்டாம்ப் மேல் விழுந்த தபால் முத்திரைதான் கதி. ஒவ்வொன்றின் மூலையிலும் மெல்லிய பென்சிலில் எண் போடுங்க, பேனா கூடாது.

பிவிசி உறைகள் வேண்டாம், பாலியெஸ்டர் உறையோ அமிலமில்லாத காகித ஃபோல்டரோ போதும். வெளிச்சுவரை ஒட்டாமல் பீரோவில் வைத்து, உள்ளே ஈரப்பதம் காட்டும் ஒரு ஹைக்ரோமீட்டர் போடுங்க. ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் பூஞ்சை வரும். சிலிக்கா ஜெல் இறுக மூடும் டப்பாவில்தான் வேலை செய்யும், டிரங்குப் பெட்டியில் வீண்.

இணையத்தில் போடுவதானால் ஒன்று: தாள் உங்க வீட்டுடையது, எழுத்தின் காப்புரிமை மாமாவின் வாரிசுகளுடையது. அவர் காலத்தில் வெளிவராத எழுத்துக்கு 60 ஆண்டுக் கணக்கு, இறந்த ஆண்டிலிருந்து இல்லை, முதலில் வெளியாகிற ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து. அவர் பிள்ளைகளிடம் சம்மதத்தை எழுதியே வாங்கிடுங்க.