450 சைஸ் ஹெலிகாப்டர் கிட்: பூட்டி வந்ததைப் பிரித்த கதை

ஆர்சி (ரிமோட்டில் பறக்கும்) ஹெலிகாப்டர் கிட் பெட்டியைத் திறந்ததும் யாருக்கும் முதலில் ஒரு நிம்மதி வரும். பிளேடுகளைப் பிடிக்கிற ரோட்டர் ஹெட் ஏற்கெனவே பூட்டித்தான் இருக்கிறது, பாதி வேலை முடிந்த மாதிரிதான் என்று. எனக்கு வந்த நிம்மதியை என் சித்தப்பா ஒரே நிமிடத்தில் கெடுத்தார். கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவர். அலன் கீயை எடுத்து ஹெட்டில் ஒரு போல்ட்டைத் திருப்பினார். வெண்ணெயில் இருந்து வருவதுபோல வந்துவிட்டது.

“கண்ணு, இது பார்சலுக்காக முடுக்கினது. எல்லாத்தையும் பிரி.”

பிரித்தோம். இந்த சைஸில் மெயின் பிளேடு ஒவ்வொன்றும் 325 மில்லிமீட்டர் நீளம், எடை சுமார் 30 கிராம். நிமிடத்துக்கு 2,500 சுற்றில் பிளேடின் நுனி மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் போகும். அப்போது ஒவ்வொரு பிளேடும் ஹெட்டை வெளிப்பக்கமாக இழுக்கிற விசை ஏறக்குறைய 40 கிலோ. கையில் பிடித்தால் கனமே தெரியாத சாமான் இது! 2013இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு இளைஞர் தன்னுடைய மாடல் ஹெலிகாப்டர் அடித்தே இறந்துபோனார். அது இதைவிடப் பெரிய மாடல். பொம்மை என்று சொல்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

அந்த 40 கிலோவையும் தாங்குவது பிளேடின் அடியைப் பிடிக்கும் கிரிப்புக்குள் இருக்கும் குட்டி த்ரஸ்ட் பேரிங். இரண்டு வாஷர், நடுவில் குண்டுகள். வாஷர் இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான். சித்தப்பா சட்டைப் பையிலிருந்து வெர்னியரை எடுத்து உள்துளையை அளந்தார். ஒன்றின் துளை மயிரிழை பெரிது. பெரிய துளை உள்ளது ஹெட்டின் மையத்தைப் பார்த்து உட்காரவேண்டும், சின்னது வெளியே போல்ட் பக்கம். மாறிப் போனால் கிரிப்புக்குள் போகும் ஷாஃப்டோடு வாஷர் உரசும், பேரிங் சீக்கிரம் தேய்ந்துவிடும். மேனுவலில் இது அம்புக்குறி போட்டு ஓரமாக இருக்கிறது, நிதானமாகத் தேடினால் கிடைக்கும். வெர்னியர் இல்லாதவர்கள் ஷாஃப்டில் போட்டுப் பார்க்கலாம்: ஒன்று கச்சிதமாக நிற்கும், மற்றது லேசாக ஆடும்.

அப்புறம் லாக்டைட், போல்ட் தளராமல் பிடிக்கும் பசை. இரும்பு இரும்போடு சேரும் இடம் எல்லாவற்றுக்கும் நீல நிறம். போல்ட்டில் இருக்கும் எண்ணெயை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு, பல்குச்சி நுனியில் தொட்டு மறையில் ஒரு பொட்டு வைத்தால் போதும். பிளாஸ்டிக்கில் படக்கூடாது, வெடிப்பு விடும். பேரிங்குக்குள் இறங்கினால் பேரிங் போச்சு.

பினியனுக்கும் (மோட்டாரில் இருக்கும் சின்ன கியர்) மெயின் கியருக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி என்று நிறையப் பேர் குழம்புகிறார்கள். நோட்டுப் புத்தகத் தாளில் ஒரு கீற்று கிழித்து இரண்டுக்கும் நடுவே விட்டு, மோட்டாரை நெருக்கி முடுக்கி, தாளை எடுத்துவிடுங்கள். மெயின் கியரை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்து, எங்காவது இறுகினால் அந்த இடத்தில் வைத்துச் சரிசெய்யுங்கள்.

எலக்ட்ரானிக்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிளேடுகளின் சாய்வை மாற்றும் தட்டுதான் ஸ்வாஷ்பிளேட். அதைச் சுற்றி 120 பாகையில், அதை நகர்த்தும் குட்டி மோட்டார்களாக மூன்று சர்வோ. மூன்றும் சேர்ந்து ஏறினால் பிட்ச் (பிளேடின் சாய்வுக் கோணம்) கூடும், ஏற்றத்தாழ்வாக நகர்ந்தால் ஹெலிகாப்டர் சாயும். டிரான்ஸ்மிட்டர் ஸ்டிக் நடுவில் இருக்கும்போது சர்வோ கை நேராக, ஸ்வாஷ்பிளேட் மட்டமாக, பிளேடு பிட்ச் பூஜ்யமாக இருக்கவேண்டும். இந்த மூன்றையும் மெக்கானிக்கலாகவே கொண்டுவாருங்கள், டிரான்ஸ்மிட்டரில் டிரிம் போட்டு ஒப்பேற்றாதீர்கள். செட்டிங் முடியும்வரை மோட்டார் வயரைக் கழற்றி வைப்பது கட்டாயம்.

வால் தானாகத் திரும்பாமல் பிடிக்கும் ஜைரோவின் திசையை மட்டும் இரண்டு தடவை பாருங்கள். மூக்கைக் கையால் இடப்பக்கம் திருப்பினால், வால் பிளேடு வலது ஸ்டிக் கொடுத்தபோது எந்தப் பக்கம் நகர்ந்ததோ அதே பக்கம் நகரவேண்டும். தலைகீழாக இருந்தால் கிளம்பும்போதே தரையில் கிறுகிறுவென்று சுற்றி விழும். ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர் 1970 வாக்கில் மாடல் ஹெலிகாப்டரை ஒழுங்காகப் பறக்கவைத்த காலத்தில் இந்த ஜைரோவே கிடையாது. வாலை விரலாலேயே சமாளித்திருக்கிறார்கள், மகா பொறுமைசாலிகள்.

முதல் ஓட்டம் பட்டறைக்குப் பின்னால் உள்ள காலி மைதானத்தில். சுழலும்போது பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு பிளேடும் ஒரே தளத்தில் தெரியவேண்டும். எங்களுக்கு ஒன்று மேலே ஓடியது. எது என்று தெரிய ஒரு நுனியில் சிவப்பு டேப் ஒட்டி, அந்த பிளேடை ஸ்வாஷ்பிளேட்டோடு இணைக்கும் லிங்க் கம்பியை ஒரு சுற்று திருப்பியதும் சரியாகிவிட்டது. முழங்கால் உயரத்தில் நின்றது, வால் மட்டும் லேசாகத் துடித்தது. வால் பிளேடைச் சுற்றவைக்கும் பெல்ட்டைக் கொஞ்சம் இழுத்துக் கட்டியதும் அதுவும் அடங்கியது.

இப்போது சித்தப்பாவுக்கு வேறு ஆசை. மெயின் ஷாஃப்டைத் தானே கடைந்து தருகிறாராம். “அஞ்சு எம்எம் ராடுதானே கண்ணு, இதுக்குப் போயி காசு குடுப்பியா?” அது கடினப்படுத்தி கிரைண்ட் செய்த ஷாஃப்ட் சித்தப்பா என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். யாராவது இப்படிக் கடைந்து ஓட்டியிருந்தால் சொல்லுங்கள், அவரிடம் காட்டவேண்டும்.